டம்ளர் கேட்டு வந்தவர்கள்

14

அடுப்பு ஒன்றுதான். அதை எரிய வைக்கிற சம்பளம் இரண்டு. அந்த இரண்டு சம்பளமும் ஒரே கடையை நம்பி நிற்கும் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் பாண்டீஸ்வரி சிரித்திருப்பாள். ஆடி முதல் வெள்ளிக்கிழமை காலை, பாளையம்பட்டி லைன் வீட்டுக் குழாயடியில் நிரம்பாத குடத்துக்காகக் காத்து நின்றபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இடுப்பு வலித்தது.

அருப்புக்கோட்டை உள்ளூர் கேபிள் சேனலுக்கு விளம்பரம் பிடிக்கிறவள் அவள். பன்னிரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. அதற்கு முன்னால் திருச்சுழிக்குத் தெற்கே கருவேலங் கட்டை வெட்டிக் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். புகை குடித்துக் குடித்துக் கரகரத்துப்போன அந்தக் குரலைத்தான் சேனல் முதலாளி தனுஷ்கோடி விளம்பரத்தில் பேச வைத்தார். உரக்கடை, பாத்திரக்கடை, கண் சிகிச்சை முகாம் என்று எது வந்தாலும் ஊருக்குள் போனது அவள் குரலில்தான். அப்போது ஆறாயிரம் வீட்டில் இணைப்பு இருந்தது. இப்போது ஆயிரத்து எண்ணூறு. அதிலும் பாதி வீட்டில் டிவி தானாக ஓடும், ஆட்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் போனில்தான் மகள் தேவிபிரியாவின் பிழைப்பு. மதுரையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து இரண்டரை மாதம் ஆகிறது. போனில் பார்க்கிற வீடியோவுக்கு நடுவிலும், நெட் இணைத்த பெரிய டிவியில் ஓடும் படத்துக்கு நடுவிலும் விளம்பரத்தைச் செருகுகிற வேலை. எந்தப் பின்கோடு, என்ன வயசு, எத்தனை மணிக்கு என்று அவள் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டால் அந்த ஆளுக்குப் போய்விடும். மூன்று மாதத்துக்குள் ஒரு கடையையாவது பிடித்துக் கொடுத்தால்தான் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பஞ்சாலைதான். ஏற்கெனவே எட்டு மாதம் அங்கே பஞ்சுத்தூசி தின்று இருமியவள்.

இரண்டு பேரும் போய் நின்ற கடை, பஜாரில் இருக்கிற வெங்கடம்மாள் சில்க்ஸ். தீபாவளி விளம்பரம் யாருக்கு என்பதுதான் கேள்வி. கடைக்காரர் கார்த்தீஸ்வரன் அம்மா பெயரில் கடை வைத்திருக்கிறவர், நிதானமான மனுஷன். போன வாரம் தாயையும் மகளையும் எதிரெதிரே உட்கார வைத்துத் தன் வீட்டுக் கதையைச் சொன்னார்.

"எங்க வீட்டுல ஆறு பேரு. அம்மா கேபிளு பாக்குறாக. சம்சாரம் பெரிய டிவியில நெட்டுல பாக்குது. பிள்ளைக ஆளுக்கொரு போனு. நான் எதையும் பாக்குறதில்ல. ஒரு வீட்டுக்குள்ளயே இத்தன வாசல் இருந்தா, நான் எந்த வாசல்ல போயிக் கூப்புடுறது?"

அதற்கு அவரே ஒரு வழியும் வைத்திருந்தார். ஒரு வாரம் இரண்டு விளம்பரமும் ஓடட்டும். கேபிளில் ஓடுவது, ஆடி வெள்ளியன்று துணி எடுத்துவிட்டு எவர்சில்வர் டம்ளர் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லும். போனிலும் நெட் டிவியிலும் ஓடுவது துணிப்பை கேட்கச் சொல்லும். டம்ளர் கேட்டால் கேபிள் பார்த்தவர், பை கேட்டால் போன் பார்த்தவர். எது கூடப் போகிறதோ அந்தப் பக்கத்துக்கு மொத்தத் தீபாவளியும்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இன்று.

"ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலயா போறீக?" என்று கட்டிலில் கிடந்தபடி கேட்டார் அவள் புருஷன் முனீஸ்வரன். பந்தல்குடியில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர். முதுகில் கட்டிய பெல்ட்டை நாலு மாதமாக அவிழ்க்க முடியவில்லை, கூலியும் இல்லை.

"பின்ன, ஆளுக்கொரு காரா அனுப்புவாக?" என்றாள் பாண்டீஸ்வரி.

பஸ்ஸில் ஒரே சீட்டுதான் கிடைத்தது, நெருக்கி உட்கார்ந்தார்கள். தேவிபிரியா போனைத் திறந்து, நேற்று மட்டும் நாலாயிரம் போயிருக்கிறது என்றாள்.

"நாலாயிரம் பேருக்கா, நாலாயிரம் தடவையா?"

மகள் போனை மூடி மடியில் வைத்தாள்.

"ஒங்கப்பனுக்கே நேத்து ஏழு தடவ வந்துச்சு. அவரு சேலையா கட்டப் போறாரு?"

"ஒங்க சேனலு ஓடுறப்ப அவரு கொறட்ட விட்டுக்கிட்டு இருந்தாரு. அவரையும் ஒரு ஆளாச் சேத்துத்தான நீயும் கடக்காரங்ககிட்டச் சொல்ற."

பாண்டீஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகினாள். பன்னிரண்டு வருஷமாகக் கடைக்காரர்களிடம் இணைப்பின் எண்ணிக்கையைத்தான் சொல்லியிருக்கிறாள். டிவிக்கு முன்னால் யார் விழித்திருக்கிறார்கள் என்று அவளும் போய்ப் பார்த்ததில்லை. காந்தி நகர் நிறுத்தம் வரும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கடையில் பில் போடும் இடத்தைத் தாண்டி, வெளியே போகிற வழியில் ஒரு மேஜை போட்டிருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் தாயும் மகளும். டம்ளரும் பையும் கண்ணில் படாதபடி அட்டைப்பெட்டிக்குள், காலுக்கடியில் இருந்தன. வருகிறவர்கள் கேட்டால் கேட்டதைக் கொடுக்க வேண்டும், நீங்களாக ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பது கடை முதலாளியின் கண்டிப்பு.

பத்தரை மணிவரை இரண்டும் சரிக்குச் சரியாகப் போயின. பார்க்கப்போனால் பைதான் ஒரு கை கூட. கல்லூரிப் பிள்ளைகளும், புதுசாகக் கல்யாணமான பெண்களும் பை கேட்டார்கள். மகளின் முகத்தில் தெளிச்சி வந்தது. பாண்டீஸ்வரி பெட்டியில் மிச்சமிருந்த டம்ளரை எண்ணினாள். பெற்ற பிள்ளை முகம் தெளியும்போது தாய் டம்ளர் எண்ணக் கூடாது. ஆனால் எண்ணினாள். சேனலில் விளம்பரப் பிரிவையே இழுத்து மூடிவிடுவதாகத் தனுஷ்கோடி முந்தாநாள்தான் சொல்லியிருந்தார். நாற்பத்தி நாலு வயசில் திரும்பக் கரிமூட்டத்துக்குப் போனால் ஒரு மழைக்காலம் தாங்குவாளா என்பது அவளுக்கே சந்தேகம்.

ஒரு வயதான பெண் மட்டும் டம்ளரை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"டிவியில பேசுறது நீதானத்தா? தொண்டைக்கு மருந்து எதும் குடிக்கக்கூடாதா?"

அது ஒன்றுதான் காலையில் பாண்டீஸ்வரிக்குக் கிடைத்த தெம்பு.

பதினோரு மணிக்கு மேல் நிலைமை மாறியது. திருச்சுழி பக்கமிருந்தும் பந்தல்குடி பக்கமிருந்தும் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வந்து இறங்கினார்கள். சேலை எடுத்தார்கள், பாவாடைத் துணி எடுத்தார்கள், பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜைக்கு வந்தார்கள். டம்ளர் என்றார்கள். அடுத்தவளும் டம்ளர். அதற்கடுத்தவளும் டம்ளர். அட்டைப்பெட்டி காலியாகிப் புதுப்பெட்டி வந்தது. தேவிபிரியா பையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

பன்னிரண்டரைக்கு மதுரையிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. எழுந்து மாடிப்படிக்குக் கீழே போய்ப் பேசினாள். பேசினது குறைவு, கேட்டதுதான் அதிகம். பிறகு சாப்பிட்டுவிட்டு வருவதாகக் கையைக் காட்டிவிட்டு வெளியே போனாள்.

அவள் போன கையோடு ஆவுடைத்தாய் வந்தாள். பாண்டீஸ்வரியின் அண்ணன் பெண்டாட்டி. பின்னால் ஊர்ப் பெண்கள் பத்துப் பேர். பதினோரு பேரும் டம்ளர் கேட்டார்கள்.

எடுக்கக் குனிந்த பாண்டீஸ்வரி பாதியில் நிமிர்ந்தாள். இவர்கள் வந்திருப்பது அவள் பிறந்த ஊரிலிருந்து, அங்கே கேபிளே கிடையாது. ரோடு அகலப்படுத்த வந்த இயந்திரம் கேபிள் வயரை அறுத்துப்போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. முப்பது வீட்டுக்காக யார் வயர் இழுப்பார் என்று தனுஷ்கோடி விட்டுவிட்டார். அண்ணன் சார்பில் அவரிடம் போய்ச் சண்டை போட்டவளே இவள்தான்.

"மதினி, விளம்பரத்த எங்க பாத்தீக?"

"முருகேஸ்வரி போன்லதான்" என்றாள் ஆவுடைத்தாய். "நூறு நாள் வேலையில மத்தியானம் கஞ்சி குடிக்கயில அவ போன்லதான எல்லாரும் நாடகம் பாக்குறோம். அதுக்கு ஊடால வந்துச்சு."

"அதுல பைதான கேக்கச் சொன்னாக."

"பைதான். நாங்களும் பை கேக்கணும்னுதான் வந்தோம். பஸ் ஸ்டாண்டுல ஒரு பொம்பள டம்ளர மடியில வச்சுக்கிட்டு நின்னா. பையக் கேட்டு ஏமாறாதீக, டம்ளரு நல்ல கனம்னு சொன்னா. வீட்டுல பை கெடக்கு மூட்டையா. டம்ளரக் குடு."

பதினோரு டம்ளரை எடுத்துக் கொடுத்தாள்.

கொடுத்த பிறகு உட்கார முடியவில்லை. முதலாளியும் யோசிக்கவில்லை, மதுரைக் கம்பெனியும் யோசிக்கவில்லை, இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த அவளும் யோசிக்கவில்லை. ஒரு வீட்டுக்கு டம்ளரும் இன்னொரு வீட்டுக்குப் பையும் கிடைத்தால் நம் பெண்கள் சும்மா இருப்பார்களா? காலையில் வாங்கிப் போனவர்கள் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள். புதுசாக வருகிறவர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். கையில் என்ன என்று ஒருத்தி கேட்பாள், மற்றவள் எடுத்துக் காட்டி, விரலால் தட்டி, கனம் பார்க்கச் சொல்லிக் கொடுப்பாள். டவுனுக்குப் போய் வருகிற பெண்கள் காலம்காலமாக இப்படித்தான் கடை கண்டுபிடிக்கிறார்கள்.

அதன்பிறகு வந்தவர்களிடம் மெதுவாக விசாரித்தாள். விசாரிக்கக் கூடாதென்று முதலாளி சொல்லவில்லையே. டம்ளர் கேட்ட பத்துப் பேரில் ஆறு பேர் போனில் பார்த்தவர்கள். ஒருத்தி எதிலுமே பார்க்கவில்லை, கூட்டம் போகிறதே என்று பின்னாலேயே வந்தவள்.

எல்லாருக்கும் டம்ளர் கொடுத்தாள். மாடிக்குப் போய் முதலாளியிடம் சொல்லவில்லை.

ஒன்றரைக்குத் தேவிபிரியா வந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு ஆச்சு என்றாள். கையில் சோற்று வாசனை இல்லை. டீ குடித்துவிட்டு வந்திருப்பாள். சாயங்காலம் ஆறு மணிக்குள் முடிவை அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். பாண்டீஸ்வரி தலையை மட்டும் ஆட்டினாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த ஆள் போகட்டும், அடுத்த ஆள் போகட்டும் என்று மூன்று மணி நேரம் போய்விட்டது.

நாலரை மணிக்கு ஆவுடைத்தாய் வளையல் கடை, மருந்துக் கடையெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். மருமகளைப் பார்க்காமல் போனால் மனசு கேட்காதாம். தேவிபிரியாவின் கன்னத்தைப் பிடித்தபடி பெருமையாகச் சொன்னாள்:

"ஒன் விளம்பரம் எங்க காட்டுக்கே வந்திருச்சு தாயி. பதினோரு பேரும் அதப் பாத்துட்டுத்தான் வந்தோம். ஒங்காத்தாகிட்ட அப்பவே சொன்னேனே, சொல்லலையா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவள் போய்விட்டாள்.

தேவிபிரியா கையிலிருந்த பையை மேஜைமேல் வைத்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மத்தியானம்."

"இப்ப மணி என்ன?"

பாண்டீஸ்வரி கடிகாரத்தைப் பார்த்தாள். மகள் குரலை உயர்த்தவும் இல்லை, அழவும் இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்துவிட்டு மாடிப்படியில் ஏறினாள். நாலு படி விட்டுப் பாண்டீஸ்வரியும் ஏறினாள். மேலே போவதற்குள் மகளை முந்திவிட வேண்டும் என்று தோன்றியது. இடுப்பு விடவில்லை.

மேலே கார்த்தீஸ்வரன் போனில் தன் அம்மாவோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, கடைப் பெண்கள் எண்ணி எழுதி வைத்திருந்த சீட்டைப் பார்த்தார். டம்ளர் முந்நூற்றுப் பத்து, பை அறுபத்தி நாலு.

"பாண்டீஸ்வரியம்மா, தீபாவளி ஒங்களுக்குத்தான்" என்றார். "கேபிளு செத்துப்போச்சுன்னு நானே நெனச்சேன்."

தேவிபிரியா ஒரு அடி முன்னால் வந்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சொல்ல வந்தவள், சொல்லாமல் ஒதுங்கி இடம் விட்டு நின்றாள். திட்டியிருந்தால் பாண்டீஸ்வரிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அதுல பாதி என்னோடது இல்ல முதலாளி."

பாதிக்கு மேல் என்று அவளுக்குத் தெரியும். வாய் பாதியோடு நின்றுவிட்டது.

பஸ் ஸ்டாண்டு கதை, காட்டில் கஞ்சி குடிக்கும்போது போன் பார்த்த கதை, எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுத் தேவிபிரியா பக்கம் திரும்பினார்.

"அந்த ஒரு போன்ல பதினோரு பேரு பாத்திருக்காக. ஒன் கணக்குல அது எத்தன?"

"ஒண்ணு சார்."

"ஒங்கப்பாவுக்கு வந்த ஏழு தடவ?"

யார் சொன்னார்கள் என்று தெரியாமல் அவள் விழித்தாள். பஸ்ஸில் பேசியதையே காலையில் மேஜையிலும் தாயும் மகளும் முணுமுணுத்திருந்தார்கள், அதைக் கடைப் பெண்கள் மாடிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"ஏழு" என்றாள்.

கார்த்தீஸ்வரன் சீட்டை மடித்து மேஜை விளிம்பில் வைத்தார். கோபம் இல்லை. அலுப்புத்தான் இருந்தது.

"அப்ப ரெண்டு பேரு கணக்கும் கணக்கு இல்ல. ஒருத்தி கேபிள்ல பாக்குறா, ஒருத்தி போன்ல பாக்குறா. ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல பேசித்தான் முடிவு பண்றாக. அங்க டம்ளரோட நின்னுச்சே ஒரு பொம்பள, அதுக்கு நான் ஒரு பைசா குடுக்கல."

பிறகு தன் முடிவைச் சொன்னார். தீபாவளி விளம்பரத்தை எந்தக் கம்பெனிக்கும் மொத்தமாகக் கொடுக்கப் போவதில்லை. கேபிளில் கொஞ்சம், போனில் கொஞ்சம், நெட் டிவியில் கொஞ்சம் என்று கடையே நேரடியாகப் போட்டுக்கொள்ளும். ஊருக்கு ஒரு பெண்ணைப் பிடித்து, சீட்டுக் கொடுத்து அழைத்து வரச் சொல்லும். வந்தவர்கள் எதைப் பார்த்து வந்தார்கள், யார் சொல்லி வந்தார்கள் என்று பில் போடும்போதே கேட்டு எழுதும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ளக் கடையில் சம்பளத்துக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்வார்.

"ஒரு ஆளுதான். ரெண்டு பேருக்குக் குடுக்க எனக்கு வசதி இல்ல. ஒங்களுக்கு ஊரு தெரியும். இந்தப் பிள்ளைக்கு போனு தெரியும். யாரு வந்தாலும் மத்ததக் கத்துக்கலாம். நாளைக்கு ஒம்போது மணிக்கு யாராச்சும் ஒருத்தர் வாங்க. யாருங்கறத ஒங்க வீட்டுலயே பேசிக்கங்க."

படியிறங்கும்போது இரண்டு பேர் போனும் மாறி மாறி அடித்தன. தனுஷ்கோடி முடிவு கேட்டார். மொத்தத் தீபாவளியும் சேனலுக்கு இல்லை, கொஞ்சம்தான் என்றாள் பாண்டீஸ்வரி. சரிம்மா, திங்கக்கிழமை வந்து பேசு என்றார். திங்கக்கிழமை என்ன பேசுவார் என்று அவளுக்குத் தெரியும். மதுரைக்குத் தேவிபிரியா இரண்டு வரியில் எழுதி அனுப்பினாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று தாய்க்கும் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஆடிக்காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. பாளையம்பட்டி பஸ் ஆறேகாலுக்கு. சிமெண்டு பெஞ்சில் இரண்டு பேரும் இடம்விட்டு உட்கார்ந்தார்கள். இன்னமும் சில பெண்கள் மடியில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"பாதின்னியே," என்றாள் தேவிபிரியா. "பாதிதானா?"

"இல்ல. கூடத்தான்."

மகள் தலையை ஆட்டினாள். கோபம் எதுவும் இல்லாத குரலில் சொன்னாள்:

"நீயே போம்மா. நான் மதுரையில பாத்துக்கிறேன்."

மதுரையில் பார்த்துக்கொள்ள ஒன்றுமில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். வேண்டாம்த்தா, நான் இருந்து அனுபவிச்சவ, நீ போ என்று இந்த இடத்தில் ஒரு தாய் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத்தான் பாண்டீஸ்வரி வாயைத் திறந்தாள். பஞ்சுத்தூசியில் இருமிய மகள் கண்ணுக்கு முன்னால் இருந்தாள். கரிமூட்டத்தில் கொப்புளம் போட்ட தன் கையும் மடிமேல் இருந்தது.

"யோசிப்போம்" என்றாள்.

பஸ் வந்தது. ஏறினார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சீட்டு காலியாக இருந்தும் தேவிபிரியா முன்னால் போய் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.